பெட்டைக்கோழி கூவியது, அறுத்துவிடலாமா?

தேவிபட்டினத்துக்குத் தெற்கே உள்ள ஒரு கடற்கரை ஊரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். சுருக்கித் தருகிறேன்.

"மார்கழிக் கடைசியில் பொரித்த ஆறு சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சுகளை என் தங்கை கொடுத்தாள். ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள்தான் பல்பு போட்டு, நொய் போட்டு வளர்த்தாள். ஐந்து பெட்டை, ஒரு சேவல். சேவலை ஆடி முதல் வெள்ளியில் குலதெய்வத்துக்குக் கொடுத்துவிட்டோம். இப்போது பெட்டைகள் எல்லாம் குணம் மாறிவிட்டன. மகள் தோளில் உட்கார்ந்திருந்த கறுப்பி அவளைக் கண்டால் ஒதுங்குகிறது. காலையில் வீடு முழுக்கக் கத்திக்கொண்டு அலைகிறது, தூக்கப்போனால் கொத்துகிறது. கிட்டவே வராத புள்ளி, கையை நீட்டினால் தரையோடு தரையாகப் படுத்துவிடுகிறது. கால் விளங்காமல் போய்விட்டதோ என்று பயம். சாம்பலி கூட்டைவிட்டு எழுந்திருப்பதில்லை, பக்கத்தில் போனால் உறுமுகிறது. பயந்தாங்கொள்ளியாக இருந்த செவலைதான் மோசம். எல்லாவற்றையும் விரட்டிக் கொத்துகிறது. போன வாரம் விடியலில் சேவல் மாதிரி கூவியது. பெட்டை கூவினால் வீட்டுக்கு ஆகாது, அறுத்துவிடு என்கிறார் என் மாமியார். மகள் அழுகிறாள். வெள்ளை மட்டும் யாரையும் தொந்தரவு செய்யாமல் ஓரமாக நிற்கிறது. இரண்டு தடவை ஓடு கட்டாத தோல்முட்டை கிடந்தது. தண்ணீர் போர் தண்ணீர்தான், கொஞ்சம் உப்பு. வாசலில் கருவாடு காயப்போடுகிறோம், அந்தக் கழிவையும் தின்னும். நாங்கள் வளர்த்ததில் ஏதும் தப்பா?"

சகோதரிக்கு வணக்கம்.

நீங்கள் அதிகம் எழுதியிருப்பது செவலையைப் பற்றி. வெள்ளையை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் உறுத்துகிறது. செவலை கூவியதற்கு அப்புறம் வருகிறேன். அதை அறுக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் இப்போதே மாமியாரிடம் சொல்லிவிடுங்கள். வெள்ளையை இன்று பொழுது சாய்வதற்குள் பிடித்துத் தனியாக வையுங்கள்.

கோழி தன் நோவை வெளியே காட்டாது. காட்டினால் மற்ற கோழிகள் கொத்தும், நாயும் கீரியும் அதைத்தான் குறிவைக்கும். அதனால் முடிந்தவரை நின்று சமாளிக்கும். ஓரமாக, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் நிற்கும் கோழியைச் சாதுவான கோழி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். பாதி நேரம் அது சோர்ந்துபோன கோழி.

வெள்ளையைத் தூக்கி நெஞ்சுக்குக் கீழே கை வையுங்கள். நடுவில் ஓடும் மார்பெலும்பு, இருபுறமும் சதையோடு உருட்சியாகத் தட்டுப்பட்டால் நல்லது. கத்தி விளிம்பு போலக் கையில் குத்தினால் மெலிந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் கழுத்தடியில் வலப்பக்கமாக இருக்கும் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். சாயங்காலம் அடையும் நேரத்தில் அது நிறைந்திருக்க வேண்டும். மற்ற நான்குக்கும் நிறைந்து, வெள்ளைக்கு மட்டும் தொங்கிப்போயிருந்தால் அதற்குத் தீனி கிடைக்கவில்லை, இல்லாவிட்டால் தின்ன முடியவில்லை. இந்த இரண்டில் எது என்று ராத்திரி தனியாக வைத்து மறுநாள் காலையில் கம்பும் நல்ல தண்ணீரும் வைத்தால் தெரிந்துவிடும். ஆவலாகப் பொறுக்கித் தின்றால் செவலை விரட்டியதில் பட்டினி கிடந்த கோழி. நாலைந்து நாள் தனியாகத் தின்றாலே தேறும். தீனி முன்னால் இருந்தும் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் நோய். அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். போகும்போது அது கழித்த எச்சத்தையும் ஒரு தாளில் மடித்து எடுத்துச் செல்லுங்கள். குடற்புழு இருக்கிறதா என்று பார்க்கலாம்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிவது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, கழுத்துத் திருகிக்கொள்வது, இறக்கை தொங்குவது: இவை வெள்ளைக் கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோயின் அடையாளங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. அந்த நோய் ஒன்றை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு மற்றதை விடாது, சில நாளில் கூட்டத்தையே வாரிக்கொண்டு போய்விடும். ஆனாலும் உங்கள் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அரசு வருஷாவருஷம் கழிச்சல் நோய் தடுப்பூசி முகாம் நடத்துவது பிப்ரவரியில். இரண்டு மாதம் முடிந்த கோழிகளுக்குத்தான் அந்த ஊசி. உங்கள் குஞ்சுகளுக்கு அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். வெள்ளையைக் காட்டப் போகும்போது மற்றவற்றுக்கு எப்போது போடலாம் என்று கேட்டுவிடுங்கள். கூட்டத்தில் ஒன்று சீக்காக இருக்கும்போது மருத்துவர் பார்த்துச் சொன்னபிறகே போட வேண்டும்.

சரி, இனி மற்ற நான்கு.

இவற்றில் எதற்கும் குணம் கெட்டுப்போகவில்லை. ஐந்து மாதத்துக்கும் எட்டு மாதத்துக்கும் நடுவே வெடைக்கோழியின் உடம்பில் நடக்கிற வேலை சாதாரணமானதல்ல. அதுவரை நூல்போல இருந்த முட்டைக்குழாய் சில வாரங்களில் முழங்கை நீளத்துக்கு வளர்கிறது. வெளிறியிருந்த கொண்டை ரத்தம் ஏறிச் சிவக்கிறது. இத்தனை நாள் இல்லாத சுரப்புகள் உடம்பில் ஓடுகின்றன. இந்த மூன்று மாதத்தில் ஒரு கோழி செய்வதை வைத்து இது நல்லது, இது கெட்டது என்று முடிவு கட்டக் கூடாது. கோழிக்கென்று சொந்தக் குணம் உண்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளில் ஒன்று புதுத் தட்டைக் கண்டால் ஓடிவந்து கொத்தும், இன்னொன்று தள்ளியே நிற்கும். ஆனால் அந்தக் குணம் என்னவென்று தெரிய, முதல் முட்டைக்காலம் முடிந்து உடம்பு அடங்க வேண்டும். உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். கறுப்பி அவளை மறக்கவில்லை. அதற்கு இப்போது வேறு அவசரம்.

என்ன அவசரம் என்று கேட்டால், முட்டையிட இடம் தேடுகிறது. முட்டை வருவதற்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன்பே கோழிக்கு இருப்புக் கொள்ளாது. நீட்டி முழக்கிக் கேறும். மூலை மூலையாகத் தலையை நுழைத்துப் பார்க்கும், உட்காரும், எழுந்துவிடும். அந்த நேரத்தில் யார் தூக்கினாலும் பிடிக்காது. காலையில் மட்டும் அலைகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பெரும்பாலான கோழிகள் முட்டையிடுவதும் முற்பகலில்தான். இருக்கிற ஒரே கூட்டைச் சாம்பலி பிடித்துக்கொண்டு உறுமினால் கறுப்பி எங்கே போகும்?

இன்னும் இரண்டு இடம் செய்து கொடுங்கள். உங்கள் ஊரில் பனையோலைக் கடகத்துக்குப் பஞ்சமில்லை. கோழி உள்ளே திரும்பி உட்காரும் அகலமுள்ள பழைய கடகம் போதும். அடியில் மணல், மேலே வைக்கோல். ஆள் நடமாட்டமில்லாத, அரை இருட்டான மூலையில் வையுங்கள். உள்ளே ஒரு கூமுட்டையோ முட்டை வடிவில் ஒரு வெள்ளைக் கல்லோ கிடக்கட்டும். அதைப் பார்த்தால் இங்கே இடலாம் என்று கோழி நம்பும். ஒரு வாரத்துக்குப் பத்து, பதினோரு மணி வரை வெளியே விடாமல் வைத்திருந்து அப்புறம் திறந்துவிடுங்கள். உடைமர முட்காட்டுக்குள் போய் முட்டையிட்டு வருகிற பழக்கம் ஏதாவது ஒன்றுக்கு இருந்தாலும் இதில் நின்றுவிடும்.

மகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காலையில் கறுப்பியைத் தூக்க வேண்டாம். சாயங்காலம் நாலரை ஐந்து மணிக்குக் கையில் கொஞ்சம் கம்போடு, முற்றத்தில் குத்துக்காலிட்டு, பக்கவாட்டில் திரும்பி உட்காரட்டும். மேலேயிருந்து கை வந்தால் கோழிக்குப் பருந்து வருவது போலத்தான். கீழேயிருந்து, உள்ளங்கையை விரித்து நீட்ட வேண்டும். அதுவாக வந்து தின்றால் போதும், பிடிக்க வேண்டாம். சில நாளில் அதுவே மடியில் ஏறும். தோளில் மட்டும் இனி ஏற்ற வேண்டாம். கோழிக்குப் பளபளப்பானது எதைக் கண்டாலும் கொத்திப் பார்க்கிற பழக்கம், பிள்ளையின் கண்ணும் கம்மலும் அதன் அலகுக்கு நேரே இருக்கும். கோழியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதைக் கட்டாயமாக்குங்கள். பார்க்க நல்ல சுகமாக இருக்கும் கோழியின் எச்சத்திலிருந்தும் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும்.

புள்ளிக்குக் கால் விளங்காமல் போகவில்லை. சேவல் மிதிக்க வரும்போது பெட்டை இப்படித்தான் பதுங்கிக் கொடுக்கும். சேவல் இல்லாத இடத்தில் மனிதக் கை மேலே வந்தாலும் அதையே செய்யும். அடுத்த தடவை கவனித்துப் பாருங்கள். இறக்கைகளை உடம்பிலிருந்து லேசாக விலக்கி, முதுகைத் தட்டையாக்கி, கால் இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்தும். நீங்கள் கையை எடுத்ததும் எழுந்து, இறகையெல்லாம் சிலிர்த்து ஒரு உதறு உதறிவிட்டுப் போகும். உதறிவிட்டு நேராக நடந்தால் காலில் ஒன்றுமில்லை. இந்தப் பதுங்கல் ஆரம்பித்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முட்டை வரும் என்று எதிர்பார்க்கலாம். சந்தேகமாக இருந்தால் பின்புறம் எச்சத் துவாரத்துக்கு இரண்டு பக்கமும் தட்டுப்படும் எலும்பு நுனிகளுக்கு நடுவே விரலை வைத்துப் பாருங்கள். ஒரு விரல்கூட நுழையாவிட்டால் இன்னும் நாளாகும். இரண்டு மூன்று விரல் போனால் முட்டைக்கு வந்துவிட்டது.

இப்போது செவலை.

முதலில் ஒரு கேள்வி: அது எப்போது சண்டை போட ஆரம்பித்தது? சேவல் போனதற்கு முன்பா, பின்பா? நீங்கள் தேதி எழுதவில்லை. ஆனால் ஆடி முதல் வெள்ளிக்குப் பிறகுதான் இருக்கும் என்று என்னால் சொல்ல முடியும். கூட்டத்தில் சேவல் இருந்தால் பெட்டைகள் சண்டையிடும்போது நடுவே வந்து நிற்கும். ஆபத்து வந்தால் முதலில் குரல் கொடுப்பதும் அதுதான். அதை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாகிறது, காலி இடத்தை ஒரு பெட்டை எடுத்துக்கொள்ளும். அநேகமாகக் கொண்டை பெரியதும் முட்டைப் பருவத்துக்கு நன்றாக வந்ததுமான பெட்டை. நேற்றுவரை பயந்துகொண்டிருந்த செவலைக்குக் கொண்டை சிவந்த நேரமும் சேவல் போன நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. அவ்வளவுதான் நடந்தது.

கோழிக்கூட்டத்தில் யாருக்கு யார் மேல் என்ற வரிசை உண்டு. நார்வே நாட்டில் ஷெல்டெரப்-எப்பே என்பவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே வீட்டுக் கோழிகளில் எது எதைக் கொத்துகிறது என்று பார்த்துப் பார்த்துக் குறித்து வந்தார். பின்னாளில், 1921-ல், அதையே தன் ஆய்வாக எழுதினார். உலகம் முழுக்க இன்று இந்த வரிசையைப் பற்றிப் பேசுவது அவர் வேலையிலிருந்து தொடங்கியதுதான். உங்கள் மகளும் அந்த வயதுதான். ஒரு பழைய நோட்டில் ஐந்து பெயரையும் எழுதி, சாயங்காலம் தீனி போடும்போது யார் யாரைக் கொத்தினார்கள், யார் விலகினார்கள் என்று ஒரு வாரம் குறித்து வரச் சொல்லுங்கள். அழுகை நிற்கும், எனக்கும் அந்த நோட்டு உதவும். செவலை எல்லாரையும் கொத்துகிறதா, வெள்ளையை மட்டுமா என்பது அதில் தெரிந்துவிடும்.

ஒரு கொத்து, கொத்து வாங்கியது தலையைத் தாழ்த்திக்கொண்டு விலகியது, அதோடு முடிந்தது என்றால் அதில் தலையிடாதீர்கள். வரிசை முடிவானால் தானே அடங்கும். ரத்தம் வந்தால் கதை வேறு. சிவப்பைக் கண்டால் எல்லாக் கோழியும் அந்த இடத்தையே கொத்தும். முட்டையிட்ட சூட்டில் எச்சத் துவாரம் சிவந்து பிதுங்கியிருக்கும்போது அங்கே கொத்து விழுந்தால் உயிருக்கே ஆபத்து. காயம்பட்டதை உடனே பிரித்து, வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவி, காயம் ஆறும்வரை தனியே வைத்திருங்கள்.

செவலையை அடக்க வழி உண்டு. வீட்டுக்குப் பின்புறம், மற்றவை கண்ணில் படாத இடத்தில் பஞ்சாரத்தில் மூன்று நான்கு நாள் மூடி வையுங்கள். தீனியும் தண்ணீரும் குறைவில்லாமல் கொடுங்கள், இது தண்டனை இல்லை. அது இல்லாத நாளில் மற்றவை தங்களுக்குள் வரிசையை மாற்றிக்கொள்ளும். அப்புறம் ஒரு சாயங்காலம், எல்லாம் அடைந்தபிறகு இருட்டில் கொண்டுவந்து கூட்டில் ஏற்றிவிடுங்கள். காலையில் அது புதிதாக வந்த கோழி மாதிரி, பழைய அதிகாரம் இருக்காது. வெள்ளை தேறினால் அதைச் செவலைக்கு முன்பே கூட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். விரட்டப்பட்டதைத் தனியாக வைத்துவிட்டு விரட்டியதை உள்ளேயே விட்டுவைத்தால் பலன் இருக்காது, திரும்ப வரும்போது இன்னும் மோசமாக அடிபடும்.

தீனியை ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஒரு தட்டு முற்றத்தில், ஒரு தட்டு சுவருக்கு மறுபுறம். செவலை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்க முடியாது. அகத்திக் கொத்தோ முருங்கைக் கொத்தோ கோழியின் தலைக்குச் சற்று மேலே கட்டித் தொங்கவிட்டால் அதை எட்டி எட்டிக் கொத்துவதிலேயே பகல் போய்விடும்.

கூவியதைப் பற்றி மாமியார் சொன்னது இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் பெரியவர்கள் சொல்வதுதான். அவர் பயப்படுவதில் ஆச்சரியம் இல்லை, இந்த வரிகளை அவருக்கும் படித்துக் காட்டுங்கள். பெட்டைக்கோழி கூவுவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, நான் மேலே சொன்னது: சேவல் இல்லாத கூட்டத்தில் தலைமைக்கு வந்த பெட்டை சில சமயம் கூவும், இன்னொரு பெட்டையின் மேல் ஏறவும் பார்க்கும். அது நோயில்லை. இரண்டாவது உடம்புக் கோளாறு. கோழிக்கு வேலை செய்கிற சூலகம் இடப்பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான். அது நோயால் கெட்டுப்போனால் பெட்டைச் சுரப்பு குறைந்து, சேவலைப் போல இறகும் குரலும் வரும், முட்டை அடியோடு நின்றுவிடும். ஆகவே செவலை முட்டையிடுகிறதா என்பதுதான் கேள்வி. பஞ்சாரத்தில் வைத்திருக்கும் அந்த மூன்று நான்கு நாளிலேயே தெரிந்துவிடும். உள்ளே முட்டை கிடந்தால் மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இடம் மாறிய மிரட்சியில் முட்டையைத் தள்ளிப்போடவும் செய்யும், அப்படியானால் புள்ளிக்குச் சொன்ன விரல் சோதனையைச் செய்து பாருங்கள்.

தோல்முட்டைக்கு வருவோம். முதல் சில முட்டைகள் அப்படி வருவது சகஜம். ஆனால் உங்கள் வீட்டில் உப்பும் சேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அது முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போனதும் வாசலில் கருவாடு காய ஆரம்பித்திருக்கும். கோழிகள் முட்டைக்கு வந்ததும் அதே நேரம். உப்பேறிய தலையும் குடலும் தின்று, உப்புத் தண்ணீரையும் குடித்தால் எச்சம் தண்ணீராகப் போகும், முட்டை ஓடு மெலியும், கோழி எரிச்சலோடு அலையும். பெரிய கோழி ஓரளவு தாங்கும், குஞ்சு தாங்காது. கருவாடு காயும் இடத்தை வலை கட்டி மறைத்துவிடுங்கள். உப்புப் போடாத பச்சைமீன் கழிவை வேகவைத்துக் கொஞ்சமாகக் கொடுக்கலாம், நல்ல புரதம். தினமும் நிறையக் கொடுத்தால் முட்டை கவிச்சி அடிக்கும். வலையில் வந்த பேத்தையை எக்காரணம் கொண்டும் கோழி எட்டும் இடத்தில் போடாதீர்கள், அது கொடிய விஷம். குடிக்க, நீங்கள் குடத்தில் பிடித்துக் குடிக்கிற நல்ல தண்ணீரையே வையுங்கள். கோழி ஒன்றுக்கு நாளைக்குக் கால் லிட்டர்தான் செலவாகும். தண்ணீருக்கு நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும், அப்படியும் இதைக் கேட்கிறேன்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை, கடற்கரையிலேயே கிடக்கிறது. ஒரு நாட்டுமுட்டையின் ஓட்டில் மட்டும் இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீனியில் அது வராவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கும். மட்டி ஓடு, கிளிஞ்சல் எதுவானாலும் சரி. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி உப்பைப் போக்கி, வெயிலில் காயவைத்து, பச்சைப்பயறு அளவுக்கு இடித்துக்கொள்ளுங்கள். மாவாக்க வேண்டாம். பருக்கையாக இருந்தால்தான் அரைவைப்பையில் தங்கி மெல்ல மெல்லக் கரையும். தீனியோடு கலக்காமல் தனிக் கொட்டாங்கச்சியில் வைத்துவிடுங்கள். தேவைப்படும் கோழி தேவைப்படும் அளவு தானே எடுத்துக்கொள்ளும், சாயங்காலத்தில் கூடுதலாக. முட்டை ஓடு உள்ளே கட்டுவது பெரும்பாலும் ராத்திரியில்தான். கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டையும் அலசிக் காயவைத்துக் கூட்டில் செருகி வைக்கலாம், ஆசையாகக் கொத்தும்.

கூட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்தக் கச்சான் காற்றில் மணல் வாரி அடிக்கும்போது கோழிக்குப் பக்கத்தில் வருவது எதுவும் காதில் விழாது, அதனாலேயே மிரண்டு கிடக்கும். மேற்கிலும் தெற்கிலும் ஓலைத்தட்டி வைத்து மறையுங்கள். ஐப்பசியில் வாடை திரும்பியதும் தட்டியை வடக்கே மாற்றிவிடுங்கள். அடையும் நேரத்தில் கூட்டுக்குள் போக மறுக்கிற கோழி இருந்தால், ராத்திரி செல்போன் வெளிச்சத்தில் கூட்டின் இடுக்குகளையும் கோழியின் இறக்கை அடியையும் பாருங்கள். செள்ளும் பேனும் இருந்தாலும் கோழி முரடாக நடந்துகொள்ளும். அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழியில் போட்டால் அதுவே புரண்டு குளித்துப் பாதியைப் போக்கிக்கொள்ளும்.

சாம்பலியைக் கடைசிக்கு வைத்தேன். காரணம், அது ஒன்றுதான் சந்தோஷமான விஷயம். அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. பதினைந்து முட்டை அளவில் இட்டு முடித்ததும் சிறுவிடைப் பெட்டைகள் அடைக்குப் போவது வழக்கம், நல்ல தாய்க்கோழி இனம். இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமுவதும் கொத்துவதும் அந்த நேரத்துக்கு உரியவை. நாளைக்கு ஒன்றிரண்டு தடவைதான் எழுந்து தின்று, குடித்து, ஒரே குவியலாகக் கழித்துவிட்டு ஓடிப்போய் உட்காரும். அடை வேண்டாம் என்றால் அடியில் கம்பிவலை உள்ள, காற்றோட்டமான கூண்டில் நாலைந்து நாள் தீனி தண்ணீரோடு வைத்தால் தெளிந்துவிடும். தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகு செருகுவது இதெல்லாம் வதை, செய்யாதீர்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் உட்காரவிடுங்கள் என்பேன். காலமும் சரியாக இருக்கிறது. இப்போது முட்டை வைத்தால் 21 நாளில், ஆவணி பிற்பாதியில் குஞ்சு பொரித்துவிடும். ஐப்பசி மழை இறங்கும்போது குஞ்சுகளுக்கு ஐந்தாறு வாரம் ஆகி, இறகு முளைத்து ஈரத்தைத் தாங்கும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: அதன் அடியில் இப்போது கிடக்கும் முட்டைகளை நம்பாதீர்கள். சேவல் போய் மூன்று வாரத்துக்கு மேலாகிவிட்டது. சேவல் சேர்ந்த பெட்டை பத்து நாள், மிஞ்சினால் மூன்று வாரம்வரை கருவுள்ள முட்டையிடும், அதற்குமேல் இட்டதெல்லாம் கூமுட்டைதான். தங்கை வீட்டில் சேவல் இருந்தால் அங்கிருந்து ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டைகளாக எட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் அடை, சின்ன உடம்பு, எட்டு போதும். ராத்திரியில், பழைய முட்டைகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை ஒரே நேரத்தில் வைத்துவிடுங்கள். தனித் தடுப்பில் வையுங்கள், இல்லாவிட்டால் கறுப்பியும் அங்கேயே வந்து இட்டுவிட்டுப் போகும், எது எப்போது பொரிக்கும் என்ற கணக்கு குழம்பிவிடும்.

சேவலும் வேண்டுமென்றால் ஒரு வயது தாண்டிய, நிதானமான சேவலாகப் பார்த்து வாங்குங்கள். ஐந்து பெட்டைக்கு ஒன்றே தாராளம். வந்ததும் சேர்த்துவிடாமல் இரண்டு வாரம் தள்ளி வைத்து, சீக்கு எதுவும் இல்லை என்று பார்த்தபிறகு விடுங்கள். செவலையின் தலைமை தானாக முடிந்துவிடும்.

முட்டை வைத்த ஏழாம் நாள் ராத்திரி உங்கள் மகளை அழைத்துக்கொண்டு போய் டார்ச் வெளிச்சத்தின் மேல் ஒவ்வொரு முட்டையாகப் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிவப்பு நூல்களாக நரம்பும் ஓடினால் கரு பிடித்திருக்கிறது. வெறுமனே தெளிவாகத் தெரிந்தால் அதை எடுத்துவிடலாம். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணில் விடும் சொட்டு மருந்தும், எட்டாவது வாரம் இறக்கையடி ஊசியும் போட வேண்டும். மருந்தகத்தில் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள். வெள்ளையின் தீனிப்பை நாளைச் சாயங்காலம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.